விற்றது போக மிச்சம்

எங்கள் பக்கம் பழம் என்பது விற்கிற சரக்கு. விற்றது போக மிஞ்சுகிற கொட்டையும் தோலும் நாரும்தான் வீட்டுச் சரக்கு. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். மல்லி, மிளகாய், பருத்தி, சோளம், உளுந்து என்று மானத்தைப் பார்த்து விதைக்கிற பூமி. மழை பொய்த்த வருசங்களில் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரி விற்றுப் பிழைத்த பூமி. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் தண்ணீர் வந்தால் ஊரே திரண்டு போய்ப் பார்த்துவிட்டு வரும்.

இப்படிப்பட்ட இடத்தில் பழத்தோட்டம் எங்கே இருக்கும்? கண்மாய்க் கரையில் பனை, ரோட்டோரம் புளி, ஓடைப் பக்கம் இலந்தை, வேலியில் கொடுக்காப்புளி. மாம்பழமும் பலாப்பழமும் ராஜபாளையம் பக்கமிருந்து லாரி ஏறி வந்தால் உண்டு. காசாகிற எதுவும் காசாகத்தான் போகும். நுங்கு குலையோடு டவுனுக்குப் போகும். புளி, கொட்டை நீக்கி, மூட்டை கட்டி மண்டிக்குப் போகும். பிள்ளைகளுக்கென்று யாரும் தனியாக எடுத்து வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் பிள்ளைகள் வாய் சும்மா இருந்ததும் இல்லை.

சென்னைக்கு வந்த பிறகு பழத்துக்கு ஒரு குறையுமில்லை. தெருமுனைக் கடையில் நியூசிலாந்து ஆப்பிள்கூடக் கிடைக்கிறது. ஏக்கம் அதற்கில்லை. ஒரு பழத்தைத் தின்று முடித்ததும் எழுந்து போய்க் குப்பைக்கூடையைத் திறக்கிறேனே, அப்போதுதான் மனசு ஊருக்குப் போய்விடுகிறது. ஊரில் அந்த இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கும்.

பனையிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் எங்களுக்கு ஆதி.

சித்திரை, வைகாசியில் நுங்கு. இங்கே மெரினா பக்கம் நுங்கு விற்கிறவர் தோலை உரித்து, வெள்ளை வெளேரென்று, பாலிதீன் பையில் போட்டுத் தருகிறார். அந்த மஞ்சள் படிந்த மெல்லிய தோலில்தான் துவர்ப்பு இருக்கிறது. 'தோலோட தின்னு, இல்லாட்டி வயித்தை வலிக்கும்' என்பாள் எங்கள் அம்மாச்சி. வைத்தியம் எவ்வளவு நிஜமோ, துவர்ப்பு இல்லாத நுங்கு எனக்குப் பாதி நுங்குதான். பெருவிரலை உள்ளே விட்டுக் கண்ணை நோண்டிக் குடித்துவிட்டு, வெற்றுக் காய் ரெண்டை ஒரு குச்சியில் கோத்துப் பையன்கள் வண்டி ஓட்டுவார்கள். வண்டி சலித்த பிறகு அதையே சீவி மாட்டுக்குப் போடுவோம். மாடு தின்கிற ஆசையைப் பார்த்தால் நமக்கே வாய் ஊறும்.

வெட்டாமல் விட்ட குலை ஆடி, ஆவணியில் பழுத்துத் தானாக விழும். ராத்திரி கண்மாய்க் கரையில் தொப்பென்று சத்தம் கேட்கும். விடியுமுன்னே யார் போய்ப் பொறுக்குகிறார்களோ அவர்களுக்கு. சுட்ட பனம்பழத்தின் வாசனை ஒரு தெருவுக்கே போதும். கருகின தோலை உரித்தால் உள்ளே மஞ்சளாக நார். கடித்து இழுத்து, சப்பி, உறிஞ்சி, மறுபடி கடித்து இழுத்து, அரை மணி நேரம் போய்விடும். நகக்கண்ணிலும் மோவாயிலும் மஞ்சள். சப்பி முடித்த கொட்டையைத் தரையில் வைத்தால் நரைத்த தாடிக் கிழவன் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். வெளியூர்க்காரர் எவரும் அதோடு தூக்கிப் போட்டுவிடுவார். எங்களுக்கோ பனம்பழத்தின் முதல் பாகம் மட்டும் முடிந்திருக்கும்.

அந்தக் கொட்டைகளைக் கொல்லையில் ஒரு மூலையில் குவித்து வைப்போம். புரட்டாசியில் ஒரு மழை விழுந்ததும் பாத்தி. கரிசல் இதற்கு ஆகாது. களிமண்ணில் கிழங்கு கோணிக்கொள்ளும், தோண்டும்போது ஒடியும். ஓடை மணலோ செவலை மண்ணோ கொண்டுவந்து மேடு கட்டி, அதன் மேல் கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மண் மூடிவிடுவார்கள். பனையின் முளை விசித்திரமானது. மற்ற விதை மேலே வரப் பார்க்கும். இது முதலில் கீழே போகும். கொட்டையிலிருந்து ஒரு குழல் புறப்பட்டு மண்ணுக்குள் நேராக இறங்கி, அங்கே மாவைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதுதான் பனங்கிழங்கு. தைப்பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள்கொத்தோடு கட்டுக்கட்டாக விற்பார்களே, அது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலுரித்து, ரெண்டாகப் பிளந்தால் நடுவில் ஒரு குச்சி வரும். பீலி என்போம். வரப்போகிற முதல் ஓலையின் குருத்து அது. அவசரக்காரர்கள் அதை உருவி எறிவார்கள். அதன் நுனியில் மட்டும் ஒரு விரற்கடை அளவு இளசாக, லேசான இனிப்போடு இருக்கும். அதற்குச் சண்டை போட்டிருக்கிறோம்.

கிழங்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கிடைக்காமல் போனது தவுண்.

கிழங்கு முற்றுவதற்கு முன்னால், கார்த்திகை வாக்கில், பாத்தியின் ஓரத்தில் நாலு கொட்டையை மட்டும் தோண்டி எடுப்பார்கள். முளைக்குழலை அறுத்துவிட்டு, கொட்டையை அடிமரக்கட்டை மேல் நிற்க வைத்து, அரிவாளால் ஒரே போடு. பழக்கமில்லாத கை என்றால் விரல் போய்விடும். அதனால் பிள்ளைகளிடம் அரிவாள் தரமாட்டார்கள். சுற்றிக் குத்தவைத்து, கை நீட்டிக் காத்திருக்க வேண்டும். கொட்டை இரண்டாகப் பிளந்ததும் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரியும் பஞ்சில்லாத மாதிரியும் ஒரு பருப்பு. அதைச் சுற்றிக் கல்லுப் போல ஒரு வளையம். சித்திரையில் கையை விட்டு நோண்டிக் குடித்த நுங்குதான் அந்தக் கல். பழம் முற்றும்போது நுங்கு இறுகிக் கொம்பு போல ஆகிவிடும். பல் உடையுமே தவிர அது உடையாது. முளை விட்டதும் உள்ளே இந்தப் பஞ்சு வளர்ந்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சி, கீழே கிழங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வழியில் மறித்துத்தான் நாங்கள் தின்றோம். ஒரே நுங்கை ஒரு வருசத்தில் மூன்று கோலத்தில் பார்த்த நாக்கு இது.

ருசியை எப்படிச் சொல்ல? முதல் கடியில் கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் வாய் நிறைய ஈரம், இளநீரின் தித்திப்பில் பாதி. கடைசியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாடை. கிழங்கு முற்றிவிட்டால் அந்தப் பதம் போய்விடும். ஆகவே தவுண் தின்கிறவன் கிழங்கை இழக்கிறான். வீட்டுப் பெரியவர்கள் நாலு கொட்டைக்கு மேல் தோண்டவிடாததற்கு அதுதான் காரணம். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இதைப் பூரான் என்று சொன்னாள். அவர்கள் கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, கூழ் காய்ச்சும் அளவுக்குப் போனவர்கள்; எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

பனை 1978-லிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனாலும் எங்கள் பக்கம் அது செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போனதை நானே பார்த்திருக்கிறேன். 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள். 76 லட்சம் விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் தருவதாகச் சொன்னார்கள். கலெக்டர் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்றும் வந்தது. நல்லதுதான். ஒரு பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருசம் ஆகும். அதுவரை ஏறத் தெரிந்தவர்கள் யார் மிஞ்சியிருப்பார்கள் என்பது வேறு கவலை.

புளிக்கு வருகிறேன். மாசி, பங்குனியில் உலுக்குவார்கள். திண்ணை நிறையப் பழம் குவிந்திருக்க, அம்மாச்சியும் சித்திமார்களும் தெருப் பொம்பிளைகளும் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உருவி, சின்னச் சுத்தியலால் கொட்டை நீக்குவார்கள். பேச்சு ஓயாது, கை ஓயாது. சதை மூட்டைக்கு. கொட்டை ஒரு பக்கம் பளபளவென்று குவியும். அதற்கும் வியாபாரி உண்டு, விலை மட்டமாகக் கேட்பார். அவர் வருவதற்குள் நாங்கள் அள்ளுகிறது கணக்கில் வராது.

வாணாச்சட்டியில் மணலைப் போட்டுச் சூடேற்றி, கொட்டையைப் போட்டு வறுக்க வேண்டும். தோல் வெடிக்கிற சத்தம் பொரிகிற மாதிரி வரும். உரலில் லேசாக இடித்து, சுளகில் புடைத்தால் சிவப்புத் தோல் பறந்துபோய், மஞ்சள் கலந்த வெள்ளையில் பருப்பு மட்டும் நிற்கும். அதை உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம். கடிக்கக் கூடாது, ஒதுக்க வேண்டும். கணக்கு வகுப்பு முழுக்கக் கன்னத்தில் கிடந்து, ஊறி, வழவழத்து, ரப்பர் மாதிரி இழுபட்டு, பல்லில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் போனால் போகிறதென்று கரையும். வாத்தியார் கேள்வி கேட்டால் மட்டும் ஆபத்து.

அந்த வழவழப்பு சும்மா இல்லை. அதே பசைக்காகத்தான் புளியங்கொட்டை மாவை நூலுக்கும் சணலுக்கும் கஞ்சி போட ஆலைகள் வாங்குகின்றன. அருப்புக்கோட்டை தறிக்காரர் ஊர், பாவுக்குக் கஞ்சி என்றால் என்ன என்று தெரு நாய்க்கும் தெரியும். ஜப்பானில் இதே பசையைச் சுத்தம் செய்து சாஸிலும் ஐஸ்கிரீமிலும் கெட்டிப்படச் சேர்க்கிறார்கள். எங்கள் கன்னத்தில் கிடந்தது உலகச் சந்தைச் சரக்கு என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் வியாபாரியிடம் இன்னும் கொஞ்சம் பேரம் பேசியிருப்பாள் அம்மாச்சி.

இலந்தைக்கு இவ்வளவு பக்குவம் வேண்டாம். பழத்தைத் தின்று துப்பின கொட்டையை ஒரு தட்டைக்கல் மேல் வைத்து இன்னொரு கல்லால் தட்டினால், உள்ளே ரெண்டு அறை. அறைக்கு ஒன்றாகச் சப்பையாகப் பருப்பு. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் கொட்டையோடு பருப்பும் மாவாகிவிடும், மெல்லத் தட்டினால் கொட்டை தெறித்துக் கருவைக்குள் போய்விடும். உழைப்புக்கும் கிடைப்பதற்கும் சம்பந்தமே இல்லாத தீனி என்றால் அதுதான். இந்தத் தொல்லையே வேண்டாமென்று பழத்தைக் கொட்டையோடு உரலில் போட்டு, வத்தலும் உப்பும் புளியும் பெருங்காயமும் சேர்த்து இடித்து, தட்டிக் காயவைத்ததுதான் இலந்தை வடை. பள்ளிக்கூட வாசலில் ஒரு பாட்டி விற்பார். இன்றைக்கு அதைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் போட்டுப் பெட்டிக்கடைகளில் தொங்கவிடுகிறார்கள். கொட்டை நெறுநெறுக்காத இலந்தை வடையை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கொடுக்காப்புளிக் கொட்டை திங்கிறதற்கில்லை. அது வேறு உபயோகம். கறுப்புத் தோலை நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும், அடியிலுள்ள பழுப்புத் தோலில் கீறல் விழக்கூடாது, வெள்ளை தெரியக்கூடாது. தப்பாமல் உரித்தால் அதை வாசல் நிலை மேல் வைக்கலாம். சாயந்திரத்துக்குள் பலகாரத்தோடு விருந்தாளி வரும் என்று எங்கள் தெருச் சாஸ்திரம். மெக்சிகோவிலிருந்து ஸ்பானியர் கையால் பிலிப்பைன்ஸ் போய், அங்கிருந்து நம் வேலிக்கு வந்த மரம் அது. விருந்தாளி வந்ததோ இல்லையோ, நிலை மேல் எப்போதும் நாலு கொட்டை இருக்கும்.

வேப்பம்பழத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். சதை நமக்கு, முத்து கடைக்கு. காக்கை தின்று போட்டதும் சேர்த்துப் பொறுக்கி, காயவைத்து, படியால் அளந்து கொடுத்தால் காசு. ஊர்த் திருவிழாவுக்கு வளையல் வாங்க என் கையில் இருந்த காசு அதுதான்.

எல்லா மிச்சமும் திங்கிற மிச்சமில்லை என்பதையும் அந்த மண்தான் சொல்லிக் கொடுத்தது. சீத்தா எங்கள் பக்கம் நன்றாக வரும். கோவிலாங்குளத்தில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே. 1 என்று ஒரு சீத்தா ரகமே கொடுத்திருக்கிறது. அதன் கொட்டை விஷம். அரைத்துப் பேனுக்குத் தலையில் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சீத்தாப்பழம் தரும்போது மட்டும் அம்மாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, துப்புகிற கொட்டையை எண்ணுவாள்.

மாங்கொட்டை விஷயம் இன்னும் கனமானது. எங்கள் வீட்டில் மாவத்தல் போடும்போது கொட்டையோடு சேர்த்தே நறுக்கி, உப்பில் பிரட்டிக் காயவைப்பார்கள். வத்தக்குழம்பில் கிடந்து ஊறின அந்த ஓட்டைச் சப்புவதற்கு ஈடு எதுவுமில்லை. உள்ளிருக்கும் பருப்பை இடித்து மோரில் கலக்கி, வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பாள் அம்மாச்சி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மாங்கொட்டை. அதையே கஞ்சியாகக் காய்ச்சி முழுச் சாப்பாடாகக் குடித்த கதை வேறு. 2001 ஆகஸ்டில் ஒடிசாவின் ராயகடா மாவட்டம் காசிப்பூர் பகுதியில் மாங்கொட்டைக் கஞ்சி குடித்த பழங்குடியினர் பலர் இறந்துபோனார்கள். கெட்டுப்போன கொட்டை என்றது அரசாங்கம்; பட்டினி என்றார்கள் மற்றவர்கள். வேறு சோறு இருந்த வீட்டில் யார் பூஞ்சை பிடித்த கொட்டையைக் கரைத்துக் குடிப்பார்கள்? தாது வருசப் பஞ்சத்தில், 1876 தொடங்கி இரண்டு வருசம், நம் சீமையிலும் கள்ளியும் கிழங்கும் தின்று உயிரைப் பிடித்து வைத்தவர்கள் வழி வந்தவர்கள்தான் நாங்கள். அம்மாச்சி கொட்டையைத் தூக்கிப் போடாததில் சிக்கனம் பாதி, அந்தப் பயம் பாதி என்று இப்போது தோன்றுகிறது. நான் ஏங்குவது அந்தப் பயத்துக்கு இல்லை. சோறு தின்ற வயிற்றோடு கொட்டை தின்றவள் நான்.

இப்போது இதற்கெல்லாம் புது மரியாதை வந்திருக்கிறது. தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு, வாழைக்காய்த் தோலில் துவையல், பரங்கி விதையை வறுத்து ஒரு பாட்டிலில் போட்டு முந்நூறு ரூபாய். யூடியூபில் ஒரு பெண் கண்ணை விரித்து, 'இதை இனிமேல் தூக்கிப் போடாதீங்க' என்று சொல்கிறார். எனக்கு ஒன்றும் கோபமில்லை. நல்ல காரியம், செய்யட்டும். பெரு நாட்டில் நம் சீமைக்கருவேலின் ஒன்றுவிட்ட மரத்தின் நெற்றிலிருந்து அல்கரோபினா என்று பாகு காய்ச்சி நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதே மாதிரி நெற்றை எங்கள் ஊரில் ஆடும் பிள்ளைகளும் ஓசியில் தின்றோம். நாளைக்கு அதுவும் பாட்டிலில் வரலாம். பாட்டிலில் வராதது கூட்டம். புளி உடைக்கிற திண்ணையும், அரிவாளைச் சுற்றிக் குத்தவைத்த பிள்ளைகளும் இல்லாமல் இந்தத் தீனி ஒன்றுக்கும் அவ்வளவாக ருசியில்லை. கடையில் வாங்கின வறுத்த புளியங்கொட்டையை ஆபீஸில் கணினி முன்னால் உட்கார்ந்து ஒதுக்கிப் பார்த்தேன். பல் வலித்ததுதான் மிச்சம்.

போன கார்த்திகையில் ஊருக்குப் போன் போட்டேன். மதினிதான் எடுத்தார். பாத்தி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"போட்டிருக்குத் தாயி. வெட்டித்தான் யாரும் திங்கிறதில்லை. உங்க அண்ணனுக்குக் கை நடுங்குது. பேரன்கிட்ட ஒண்ணு வெட்டிக் கொடுத்தேன், வாயில வச்சுப் பார்த்துட்டு, 'அப்பத்தா, இது சப்புன்னு இருக்கு'ன்னு துப்பிட்டான்."

"எனக்குக் கொஞ்சம் பஸ்ஸில் போட்டு அனுப்புங்களேன் மதினி."

"வெட்டுன தவுணு சாயந்திரம் வரைக்கும் தாங்காதே. முளையோட கொட்டையாவே அனுப்பி வைக்கிறேன். அங்க வெட்ட அரிவாள் வச்சிருக்கியா?"

எங்கள் வீட்டில் இருப்பது தக்காளி நறுக்குகிற கத்தி. அதைச் சொன்னேன். மதினி சிரித்துவிட்டு, "அப்ப கிழங்காவே வாங்கிக்கோ, தை பிறக்கட்டும்" என்றார்.